பீரங்கி நித்திரை

எனக்கு ஸ்லோவேனிய மொழியில் ஒரேயொரு தொடர்தான் தெரியும். வணக்கம் சொல்லத் தெரியாது, தண்ணீர் கேட்கத் தெரியாது. அந்த நாட்டில் என்னைத் தனியாக இறக்கிவிட்டால் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆனால் ஒருவர் உலகம் தெரியாமல் உறங்குவதைக் கண்டால் அதை அவர்களுடைய மொழியில் சொல்லிவிடுவேன். ஸ்பாத்தி கொத் தொப். பீரங்கியைப் போல நித்திரை கொள்வது என்று பொருள். தொப் என்றால் பீரங்கியாம். தேங்காய் விழும் சத்தத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் சொல்லை அவர்கள் பீரங்கிக்கு வைத்திருக்கிறார்கள். இதை நான் கற்றுக்கொண்டது சுவிஸ் நாட்டு இன்டர்லாக்கனில், ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் வேலையாட்கள் தங்கும் கட்டடத்தில், பட்டப்பகலில்.

பகலில் ஏன் நித்திரை என்று ஹோட்டலில் வேலை செய்யாதவர்கள் கேட்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்தபின், இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்கும்வரை எங்களை விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளிக்கு சிம்மர்ஸ்துண்டே என்று பெயர். அறைக்குப் போய்க் கிடக்கிற நேரம். அங்கேயே தங்கி வேலை செய்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். என்னைப் போல பேர்னிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்களுக்கு அறை ஏது, கட்டில் ஏது? வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து திரும்பப் பூட்டத்தான் நேரம் இருக்கும். ஆகவே அந்த நேரத்தை ரயில் நிலைய மர வாங்கில் தனிப் பெண்ணாகக் குந்தியிருந்தும், எதையும் வாங்காமல் கடைகளைச் சுற்றியும் கழிப்பேன். 2009 இன் முதல் மாதங்களில் அந்த வாங்கில் இருந்துதான் வன்னியில் இருந்த தங்கைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தேன். இணைப்பு கிடைக்கவே இல்லை. எனக்கு முன்னால் சுற்றுலாக்காரர்கள் மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்கு அப்போது கோபம் வந்தது.

அடுத்த வருடக் கோடைக்கு உணவகத்தில் பரிமாறும் வேலைக்கு ஒரு ஸ்லோவேனிய மனுசி வந்து சேர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். எலும்பு பெருத்த உடம்பு, குசினிக்கு வெளியே நின்று கதைத்தாலும் உள்ளே கேட்கும் குரல். ஒரு மழை நாளில், வேலைச் சப்பாத்தோடு நான் வாங்கில் குந்தியிருப்பதைக் கண்டுவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், என்னைத் திட்டினாள். "ஏன் நனைந்துகொண்டு இங்கே இருக்கிறாய்? என் அறையில் இரண்டு கட்டில் இருக்கிறது. ஒன்று சும்மா கிடக்கிறது." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறைதான். அன்றிலிருந்து எனக்கும் சிம்மர்ஸ்துண்டேயில் ஒரு கட்டில் கிடைத்தது.

அவள் நித்திரை கொள்வதைப் பார்க்க வேண்டும். சப்பாத்தைக் கழற்றி எறிவாள், ஏதோ கதைத்துக்கொண்டே சாய்வாள், கதை பாதியில் நின்றுவிடும். அவ்வளவுதான். ஜன்னலுக்கு நேரே உள்ள புல்வெளியில் பரசூட் கட்டிப் பறந்தவர்கள் ஓவென்று கத்திக்கொண்டு வந்து இறங்குவார்கள். கீழே சாமான் வண்டி பின்னுக்கு வரும்போது கீக்கீக் என்று அலறும். அவளிடம் அசைவு இருக்காது. வேலைக்குப் போகும் நேரம் வந்ததும் மணியே அடிக்காமல் தானாக எழும்பிவிடுவாள். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இப்படி ஒரு நித்திரை கொள்ள ஒருவருக்கு என்ன தகுதி என்று யோசித்திருக்கிறேன்.

2011 இல் என் தங்கை வந்தாள். அவளும் கணவரும், சண்டை முடிந்த 2009 மே மாதத்தில், மற்றச் சனங்களோடு சேர்ந்து நடந்து வெளியே வந்தவர்கள். வந்த இடத்தில் ஆமிக்காரர் ஆண்களை வேறாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்களாம். படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்து, "நீ போ, நான் பின்னால வாறன்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அவர் பேரைச் சொல்லிக் கேட்காத இடமும் இல்லை. தங்கைக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் எங்கள் ஹோட்டலிலேயே கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நான் குசினியின் குளிர்ந்த பக்கத்தில் சாலட் வெட்டுவேன். அவள் நீராவிக்குள் நிற்பாள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவள் நித்திரை கொள்வதில்லை.

இரவில் இல்லை, பகலிலும் இல்லை. வைத்தியர் நித்திரைக் குளிசை கொடுத்தார். போன் அடித்தால் கேட்காமல் போய்விடுமே என்று பயந்து இரண்டாம் கிழமையே நிறுத்திவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, எனக்கு இளையவள் எனக்கு மூத்தவள் போல ஆகிவிட்டாள். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் ஆட்கள் என்னைத் தனியாக ஒதுக்கி, "ஏதும் அறிஞ்சீங்களோ?" என்று கேட்பார்கள். டீட்டிகோனில் ஒரு கலியாணத்தில் ஒருத்தி, பட்டுச்சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, "தங்கச்சி இன்னும் பொட்டு வைக்கிறாவோ?" என்றாள். "ஓம், உங்கடை வீட்டுக் குங்குமத்திலயோ எடுத்து வைக்கிறா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழும்பி வந்தேன். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

தங்கை காத்திருந்த அந்த போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய மாமி, அதாவது அவருடைய தாய், கிளிநொச்சிப் பக்கத்தில் பாதி கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். மகன் வந்தால் அந்த வாசலுக்குத்தான் வருவான் என்று வேறு எங்கும் போக மறுத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் அங்கே விளக்கு வைத்த பிறகு மருமகளுக்கு எடுப்பார். அங்கே விளக்கு வைக்கும் நேரம் எங்களுக்கு சிம்மர்ஸ்துண்டே. சிக்னல் கிடைக்கச் சந்திவரை நடக்க வேண்டும் என்பதால் சில நாள் முன்னதாக வரும், சில நாள் நாங்கள் வேலைக்குத் திரும்பும் தறுவாயில் வரும். வந்தாலும் என்ன? "சாப்பிட்டியோ பிள்ளை? இஞ்சை ஒண்டுமில்லை." அவ்வளவுதான் கதை.

ஒருநாள் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "ஒண்டுமில்லை எண்டு சொல்ல ஏன் நாள்தோறும் எடுக்கிறா? ஏதும் இருந்தால் எடுத்தால் காணாதோ? நீ கொஞ்சம் படுக்கலாமெல்லோ" என்றேன்.

"ஒண்டுமில்லை எண்டதையும் கேக்கவேணும் அக்கா. கேட்டாத்தான் நாளைக்கு எண்டு ஒண்டு இருக்கும்" என்றாள்.

ஆகவே மூன்று பெண்களும் அந்த அறையில் இப்படி இருப்போம். மனுசி ஒரு கட்டிலில் பிணம் போலக் கிடப்பாள். நான் கதிரையில் காலை நீட்டிக்கொள்வேன். தங்கைக்கு மற்றக் கட்டில். அதில் அவள் ஒருநாளும் படுத்ததில்லை. விளிம்பில் இருந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, பரசூட்டுகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தொடரை மனுசி சொன்னது அப்படி ஒரு நாளில்தான். எழும்பி முகம் கழுவிக்கொண்டு வந்தவளிடம் நான், "உன்னைப் போல நித்திரை கொள்ள எங்கே படித்தாய்?" என்று கேட்டேன். இங்கத்தைய சனம் மர்மோட் என்கிற மலை எலியைப் போல நித்திரை கொள்வதாகச் சொல்லும். உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களுக்கும் ஒரு எலி இருக்கிறதாம். பனிக்காலம் முழுக்க உறங்கும் அதைப் பிடித்துச் சமைத்தும் சாப்பிடுவார்களாம். "ருசியோ?" என்றேன். "கொழுப்பு" என்றாள். ஆனால் தன் தாய் தன்னைப் பார்த்துச் சொன்னது அந்த எலியை அல்ல என்று சொல்லிவிட்டு, மார்பில் தட்டி, "ஸ்பாத்தி கொத் தொப்" என்றாள். டொச் மொழியில் விளங்கப்படுத்தினாள். பீரங்கி. கனோன. வெடிக்கும் பீரங்கி.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கனோன என்ற சொல் தங்கைக்கும் விளங்கும். யார் முன்னால் என்ன கதைக்கிறாய், இவள் எதற்குள்ளிருந்து வந்தவள் என்று தெரியாதோ என்று மனுசியின் மேல் பாய்ந்தேன். அவள் பாவம், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லியிருந்தால்தானே.

அப்போது தங்கை சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "விடுங்கோ அக்கா. மனுசி சொல்லுறது சரிதான். அது நித்திரை கொண்டாத்தான் நாங்களும் நித்திரை கொள்ளுறனாங்கள். சுட்டுச் சுட்டுக் களைச்சுப்போய் அது நிக்கிற நேரம் பங்கருக்குள்ள அப்பிடி ஒரு நித்திரை வரும். அப்பிடி நான் பிறகு கொள்ளேல்லை. அவர் என்ரை காலிலயே தலையை வைச்சுப் படுத்திடுவார்." என்னைப் பார்த்து, "இதை அவவுக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். பாதி டொச் எனக்கு வரவில்லை, வந்த பாதியைச் சொன்னேன். பஸ்ஸைப் பற்றியும், போனைப் பற்றியும், கிளிநொச்சியில் இருந்து எடுக்கும் மாமியைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். மனுசி தன் கட்டிலில் இருந்து கேட்டாள். முடிந்ததும் எழும்பிப் போய்த் தங்கையின் முன்னால் கையை நீட்டினாள். போனைத் தரச் சொன்னாள். "நீ படு. நான் முழித்திருக்கிறேன். அடித்தால் எழுப்புவேன்." தங்கை போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் அதைக் கொடுக்க ஒரு கோடை முழுக்க எடுத்தது.

கொடுத்த பிறகும் நித்திரை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுப்பாள், இமை துடித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் மனுசி விடவில்லை. உலகமே இடிந்தாலும் எழும்பாத அந்தப் பெண், தன் சிம்மர்ஸ்துண்டேயை விட்டுக் கொடுத்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். கோடைக்கு வருவாள், போவாள், பனிக்காலத்துக்குத் திரும்ப வருவாள். வரும்போதெல்லாம் ஊரிலிருந்து ஏதாவது மூலிகைத் தேயிலை, வாசனை இலைகள் வைத்துத் தைத்த தலையணை என்று கொண்டுவந்து தங்கையின் கட்டிலில் வைப்பாள். போன் அடித்தால் ஓடிப்போய்க் கொடுப்பாள். கதைத்து முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். ஒன்றுமில்லை.

உங்களிடம் நித்திரைக்கு வேறு சொல் இல்லையா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். இருக்கிறது, சொல்லமாட்டேன் என்றாள். தங்கை வெளியே போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: கொல்லப்பட்டவனைப் போல. அவர்கள் அதைத்தான் அதிகம் சொல்வார்களாம். யோசித்துப் பார்த்தால் நாங்களும் குறைவில்லை. அடிச்சுப் போட்டமாதிரி நித்திரை என்று எத்தனை தரம் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்போம். யார் அடித்தது, யாரைப் போட்டது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நான் அதன்பிறகு அந்தச் சொல்லை வீட்டில் எடுப்பதில்லை.

2017 இல், பனிக்காலம் முடிகிற நேரம், கிளிநொச்சியில் மாமி செத்துப்போனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் எடுத்துச் சொன்னார். தங்கையால் போக முடியாது. எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தாளோ அந்த நாட்டுக்குப் போக அவளுடைய அனுமதியில் இடமில்லை. அயலவர்கள்தான் எல்லாம் செய்தார்கள். பிறகு வீட்டைப் பூட்டித் திறப்பைத் தாங்களே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். தங்கை அழவில்லை. "வாசல்ல லைட்டை எரிய விடுங்கோ" என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச நாள் எரியவிட்டிருப்பார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சிம்மர்ஸ்துண்டேக்கு வழக்கம்போல் மூவரும் அறைக்குப் போனோம். தங்கை போனை மனுசியிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் சாலட்டுக்கு ஆள் போதாது என்று ஏதோ புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, இமை ஆடவில்லை. மூச்சு ஆழமாக, ஒரே சீராக வந்தது. சாமான் வண்டி வந்து அலறிற்று. அவள் அசையவில்லை. மனுசி உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினாள். கண் நிறைய நீரோடு, பிள்ளை பெற்றவள் போலப் பெருமையாக, "கொத் தொப்" என்று கிசுகிசுத்தாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். எத்தனை வருடம் இதற்காகக் கோயிலில் நேர்த்தி வைத்தேன்.

வேலைக்கு நேரமானதும் தோளைப் பிடித்து உலுப்பித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. எழும்பி இருந்து, தலைமயிரை முடிந்து, சப்பாத்தைப் போட்டாள். மனுசி போனை நீட்டிக்கொண்டு நின்றாள். தங்கை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டாள். போன் மனுசியின் கையிலேயே இருந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். படுப்பாள், உறங்குவாள், உலுப்பினால் எழும்புவாள். கன்னத்தில் சதை பிடித்தது. கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு மறைந்தது. குசினியில் எல்லோரும் நல்லாக இருக்கிறாய் என்றார்கள். எனக்கு அந்த அறைக்குள் இருக்கவே முடியவில்லை. இந்த நித்திரைக்காகத்தான் இத்தனை வருடம் அவளோடு சண்டை பிடித்தேன். இப்போது அது கண்முன்னால் கிடந்தது, அதைத் தட்டி எழுப்பிவிட வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. எழும்படி, போனைப் பாரடி, ஆரும் எடுப்பினமோ எண்டு ஏங்கிக்கொண்டு இரடி என்று கத்த வேண்டும் போல இருந்தது.

மனுசிக்கு என் முகம் விளங்கவில்லை. "நல்லதுதானே? அவளுக்குக் குணமாகிவிட்டது" என்றாள்.

"குணமாகவில்லை" என்றேன். "இனி எடுக்க ஆள் இல்லை. அவர் வந்தாலும் அந்த வீட்டில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வரமாட்டார் என்றும் தெரியும். அதனால்தான் நித்திரை வருகிறது."

அவள் உறங்குகிறவளைத் திரும்பிப் பார்த்தாள். நித்திரை வராத நாட்களில் செய்ய எங்களுக்கு ஏதாவது இருந்தது. தேயிலை ஊற்றினோம், தலையணை மாற்றினோம், போனைக் காவல் காத்தோம். இந்த நித்திரைக்கு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த வருடக் கோடை முடிந்ததும் முழங்கால் வலி என்று அவள் ஊரோடு போய்விட்டாள். போகும்போது தங்கையைக் கட்டிப்பிடித்து நெடுநேரம் நின்றாள்.

நானும் தங்கையும் இன்னும் அதே ரயிலில்தான் போய் வருகிறோம். ஒரு காலை, ஏரிக்கரை ஓரம் ரயில் போய்க்கொண்டிருந்தபோது, தங்கை ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, திதி தெரியாட்டி எந்த நாளை வைக்கிறது?"

முதலில் கேட்காதது போல இருந்தேன். அவள் திரும்ப ஒருமுறை கேட்டாள், மரக்கறிக்கு விலை கேட்கிற குரலில். அமாவாசையை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஐயரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று இழுத்தேன். எல்லோருக்கும் பொதுவான நாள் வேண்டாம், அவருக்கென்று ஒரு நாள் வேண்டும் என்றாள். எனக்கு வேறு நாள் தெரியாது. தெரிந்த ஒரே நாளைச் சொன்னேன்.

"பஸ்ஸில ஏத்தின நாளை வைப்பமோ?"

"அண்டைக்கு எப்பிடி அக்கா வைக்கிறது?" என்றாள். "அண்டைக்கு அவர் உயிரோடையெல்லோ இருந்தவர்."